ராகு காலத்தில் கட்டிய புத்தகம்

மேடையில் நின்ற எண்ணெய் அமைச்சர், பளபளவென்றிருந்த புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "எங்கள் எண்ணெயின் ஒவ்வொரு சொட்டுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்!"

லண்டன் ஹோட்டல் மண்டபத்தில் முந்நூறு பேர் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கனகலிங்கம் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முந்நூறு பேரில் ஒருவர் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் தொலைந்தார்.

அச்சடித்தவர் அவர்தான். மனோர் பார்க்கில் வீட்டை ஈடு வைத்து வாங்கிய மெஷின்களில் கல்யாணக் கார்டும் கோயில் மலரும் அடித்துக்கொண்டிருந்த மனிதர். ஓர் ஆபிரிக்க நாட்டின் '1994 எண்ணெய் வருமான அறிக்கை' அவர் கைக்கு வந்தது, அந்த நாட்டுக்கு ஆலோசகராக இருந்த பத்ரிநாராயணன் தயவில். அறிக்கையை வெளியிட்டால்தான் கடன் என்று வங்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த அரசாங்கத்துக்குத் திடீரென்று ஒளிவுமறைவில்லாமல் இருக்க ஆசை வந்திருந்தது.

அன்று காலை இரண்டு வேலை கையில் இருந்தது. ஒன்று இந்த அறிக்கை, மற்றது நோர்பரி அம்மன் கோயிலின் திருவிழா மலர். ஒரே அளவு, ஒரே தடிமன். மலரை முதலில் பைண்டிங் செய்யலாம் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்த பிறகு கலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அம்மன் காரியத்தை ராகு காலத்தில் தொடங்கலாமா? ஆபிரிக்க எண்ணெய் என்றால் ராகுவுக்கும் ஆட்சேபணை இருக்காது. உள்தாள்களை மாற்றி அடுக்கினார். அட்டைகளை மாற்ற மறந்துபோனார்.

ஹோட்டலுக்கு வந்து, தன் வேலையைத் தானே ரசிக்கலாம் என்று ஒரு பிரதியைத் திறந்தபோதுதான் விஷயம் விளங்கியது. எண்ணெய்க் கிணறு படம் போட்ட அட்டைக்குள்ளே அம்மன் சிங்கத்தின்மேல் இருந்தாள். அடுத்த பக்கத்தில் சுத்தமான யாழ்ப்பாண மிளகாய்த்தூள் விளம்பரம்.

பக்கத்தில் இருந்த பத்ரிநாராயணனின் கையைப் பிடித்தார். "சேர், பெரிய பிழை நடந்து போச்சுது. உள்ளுக்கை இருக்கிறது கோயில் மலர். எல்லாத்தையும் திருப்பி வாங்குவம்."

பத்ரிநாராயணன் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"பேசாம உக்காருங்க. மூணு வருஷமா பல நாட்டுக்கு அறிக்கை போடறேன். ஒருத்தன் திறந்து நான் பார்த்ததில்ல."

"அப்ப உள்ளுக்கை பொய்க் கணக்கோ எழுதிறனீங்கள்?"

"சேச்சே! பொய் எழுதினா கேஸ் வரும். நிஜத்தைத்தான் எழுதறோம். யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு எழுதறோம்."

கனகலிங்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருடைய மலரைக் கையில் வாங்குகிற சனம் அம்மன் படத்தைக்கூடப் பார்க்காது. நேரே கடைசிப் பக்கங்களில் இருக்கும் கோயில் கணக்குக்குத்தான் போகும். போன வருடம் பதினொரு தேங்காய்க்குக் கணக்கு இல்லை என்று மூன்று மணி நேரம் பொதுக்கூட்டம் நடந்தது.

அப்போது முன்வரிசையில் இருந்த வங்கித் தலைவர் தன் பிரதியை மடியிலிருந்து எடுத்தார். கனகலிங்கத்தின் வீடு, மெஷின், இருபது வருட உழைப்பு எல்லாம் அந்த வெள்ளைக்காரரின் பெருவிரலில் இருந்தது.

அவர் புத்தகத்தை மேசையில் வைத்து, அதன்மேல் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"இவ்வளவு வெளிப்படையான அறிக்கையை என் அனுபவத்தில் கண்டதில்லை. கடன் கொடுப்பதில் எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை."

மறுபடியும் கைதட்டல். இந்த முறை கனகலிங்கமும் தட்டினார்.

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு இருவரும் மனோர் பார்க் அச்சகத்தில் இருந்தார்கள். பத்ரிநாராயணன் சந்தோஷத்தில் டையைக் கழற்றிப் பையில் போட்டார்.

"அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான் சார் ஆர்டர். அட்டை மட்டும் நல்லா பளபளன்னு இருக்கணும்."

டெலிபோன் அடித்தது. கோயில் பொருளாளர் ஸ்ரீஸ்கந்தராஜா. பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணை, பின்னேரப் பூசையிலை மலர் குடுத்தனாங்கள். உள்ளுக்கை எல்லாம் இங்கிலீஸிலை கிடக்கு!"

"தெரியும் தம்பி, பிழை என்ரைதான். அம்மன் மன்னிக்கோணும். நாளைக்கே வேறை அடிச்சுத் தாறன்."

"மலர் கிடக்கட்டும் அண்ணை. சனம் வழக்கம்போலை பின்பக்கத்திலை இருந்து வாசிக்கத் தொடங்கீட்டுது. போன வருசம் தேங்காய்க் கணக்குப் பிடிச்ச கனகவல்லி அக்கா கல்குலேட்டரோடை இருக்கிறா. தோண்டின எண்ணெய் எவ்வளவெண்டு பன்னிரண்டாம் பக்கத்திலை கிடக்கு, கப்பலிலை ஏத்தின எண்ணெய் நாற்பத்தோராம் பக்கத்திலை கிடக்கு. ரெண்டும் இடிக்குது. நடுவிலை ஏழு கப்பலைக் காணேல்லை!"

கனகலிங்கம் ரிசீவரைப் பத்ரிநாராயணனின் காதில் வைத்தார்.

"ஒருத்தரும் வீட்டை போறதா இல்லை அண்ணை. நாளைக்கு ஆறு மணிக்குப் பொதுக்கூட்டம், இதிலை கையெழுத்துப் போட்ட அந்த மந்திரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"