பெரிய எழுத்தில் Y

கூடத்தில் இருந்தவர்கள்: பெண்ணின் அத்தா தோல் மண்டி அக்பர் அலி, அம்மா நர்கீஸ், மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் தாய்மாமன்.

உள்ளறையில் ரஃபியாவும் நானும். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நிலைப்படியில் அவள் தங்கை இஃப்பத் காவலுக்கு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ரஃபியாவுக்கு ஒரு கம்பெனித் தேர்வு. வீட்டிலிருந்தே ஜாவாவில் நிரல் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். அவளுடைய பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு இருந்தது, ஜாவா இல்லை. ஏற்றிப் பார்த்தபோதெல்லாம் பாதியில் நின்றுவிட்டதாம். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வந்திருக்கிறதே என்று அக்பர் அலி என்னை உள்ளே அனுப்பினார்.

தெரிந்த ஆள் என்பது பெரிய வார்த்தை. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். யாரோ ஒருவருடைய சர்வர் நின்றுவிடாமல் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே பேச ஆள் கிடையாது. பழகிவிட்டது.

அரைகுறையாகக் கிடந்த துண்டுகளைத் துடைத்துவிட்டுக் கட்டளையை அடித்தேன். திரை கோப்புப் பெயர்களாகக் கொட்டி, ஒரு கேள்வியில் நின்றது. தொடரலாமா? பக்கத்தில் பெரிய Y, சின்ன n.

Y மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது என்று ரஃபியா கேட்டாள். எதுவும் அடிக்காமல் என்டரைத் தட்டினாலும் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும் என்றேன்.

"வாயத் தொறக்கலைன்னா சரின்னு எடுத்துக்குமா? எங்க அத்தா மாதிரியே இருக்கு."

இஃப்பத் சிரித்தாள். ரஃபியா Y-யைத் தானே அடித்து என்டரைத் தட்டினாள்.

ஃபோன் நெட்டில் ஜாவா மெதுவாக இறங்கியது.

கூடத்தில் பேச்சு தேதி வரை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை, மாப்பிள்ளைக்கும் அதுதான் விருப்பம் என்று தாய்மாமன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

ரஃபியா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஏறுகிற சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி முடிந்ததும் அவளே ஒரு சின்ன நிரலை எழுதி ஓட்டினாள். ஓடியது.

அக்பர் அலி கூடத்திலிருந்து அவளிடம் சம்மதம் கேட்டார். எங்கள் பக்கம் பெண் தலை குனிந்து சும்மா நின்றால் போதும். நர்கீஸ் சர்க்கரைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

ரஃபியா எழுந்து நிலைப்படிக்குப் போனாள்.

"எனக்குச் சம்மதமில்லத்தா. வாயத் தொறந்து சொல்லிட்டேன்."

யாரும் சத்தம் போடவில்லை. சர்க்கரைத் தட்டு மேசைக்குத் திரும்பியது.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைத் தேடினாள். குனிந்து எடுத்துப் போட்டேன். தாய்மாமன் என் தோளைத் தட்டி, உனக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றார்.

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூவரும் பேகம்பூர்ச் சந்தில் இறங்கினோம். இஃப்பத் கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பியது.