வெட்டாமல் விட்ட குதிரை

"துரோகம்ளா! சுத்தத் துரோகம்!"

மரியான் மேசையில் அடித்த அடியில் பலகையில் இரண்டு சிப்பாய்கள் சாய்ந்தன.

மாவட்டச் செஸ் போட்டியில் காலையில் தோற்ற ஆட்டத்தை அவன் மனைவி விஜிலா மறுபடி ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே செல்வதுரை அண்ணாச்சி. படகுகளுக்குக் கயிறும் பெயின்ட்டும் விற்கிறவர். அவளோடு பயிற்சிக்கு உட்கார ஊரில் வேறு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று. அதிலாவது ஜெயித்தால்தான் மாநில அணி.

"சிவப்பிரகாஷ் சிசிலியன் முறையில ஆடத் தொடங்கினான்," என்றாள் விஜிலா. " சிப்பாயைக் கொடுத்தேன், எடுத்தான். அதுவரைக்கும் எல்லாரும் ஆடுறதுதான். பொறவு குதிரையைச் சும்மா வெட்டக் கொடுத்தேன். வெட்டினா அவன் ராஜா மாட்டுவான்."

"வெட்டலையே! யோசிக்கக்கூட இல்லை. ராணியை ஒதுக்கிட்டுக் கடிகாரத்தைத் தட்டுதான். எவனோ முன்னாலேயே சொல்லியிருக்கான்!"

குறுக்கே பேசிய மரியான் அண்ணாச்சி பக்கம் திரும்பினான்.

"அந்தச் சிவப்பிரகாஷ் தினமும் உம்ம கடைக்குத்தானே வேய் வாரான்?"

"ஏங்க, சும்மா இருங்க," என்றாள் விஜிலா.

அண்ணாச்சி சாய்ந்த சிப்பாய்களை நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "பேச்சுவாக்குல உளறிட்டேன் மரியான். தப்புதான்."

விஜிலா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"கேட்டியாளா? கூடவே உக்காந்து குழி பறிச்சிருக்காரு! இனிமே இந்த வாசப்படி ஏறக்கூடாது நீரு!" என்று கத்தினான் மரியான்.

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

தெருமுனையில் விஜிலா ஓடிவந்து மறித்தாள்.

"ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீங்க? அந்தக் குதிரையை நான் நேத்து சாயங்காலந்தான் கண்டுபிடிச்சேன். உங்களுக்குக் காட்டவே இல்லையே!"

"விடுளா. நாளைக்குக் கடைக்கு வா. பலகையைப் போட்டு வைக்கேன்."

"அவரு உங்களைத் துரோகின்னு..."

"சொல்லிட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை அவன் உன்கூடத் தெளிஞ்ச முகத்தோட வரணும்லா?"

"அவரு முகத்துக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி?"

அவர் தயங்கினார். "ஆட்டம் முடிஞ்ச பொறவுதான் நானே பார்த்தேன். அவன் போன்ல இருந்து சத்தம் காட்டாம அழிச்சிரு," என்று தன் செல்போனை நீட்டினார்.

நேற்று மரியான் போட்டிருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பலகையை முறைத்துக்கொண்டு விஜிலா. அவளுக்கு முன்னால் ஒவ்வொரு காயும் பளிச்சென்று தெரிந்தது, வெட்டுக்கு நிற்கிற குதிரையும்.

கீழே எழுதியிருந்தான்: "நாளைக்குச் சிவப்பிரகாஷ் காலி! இது என் பொண்டாட்டி மூளை!"