கயாக்கில் ஒரு நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலியின் நாலாவது காலையும் அவள் அறுத்து எறிந்தாள்.

இனி அதற்கு உட்காரும் பலகையும் முதுகும் மட்டும்தான். புருஷனைப் போல என்று நினைத்தாள். நினைத்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மணலில் மஞ்சள் கயாக் கிடந்தது. மூடிப்போன கடற்கரை விடுதியில், சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டே துடுப்புப் போட்ட ஒடுக்கமான படகு. கால் விளங்காதவன் தனியாகக் கடலுக்குப் போக இதை விட்டால் வேறு வண்டி இல்லை என்று அவன்தான் அடம்பிடித்து வரவழைத்தான்.

பத்து மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன். இந்த நாலு நாளாகத்தான் பேசுகிறான்.

பேச்சு முழுக்க வேலை.

கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் பிவிசி குழாய்களை முனை அடைத்து, மூங்கிலில் கட்டச் சொன்னான். கட்டினாள். துடுப்பு வழுக்குகிறது என்றான். பழைய சைக்கிள் ட்யூபைக் கீறிச் சுற்றிக் கொடுத்தாள். பிடிக்கிற மீனைப் போட, பின்னால் ஒரு பால் கூடையும் ஏறியது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்று சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் அடுப்படியில் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

நாற்காலியைக் கயாக்கில் வைத்துக் கட்டினாள். அளவு பார்க்க அவனைத் தூக்கி அதில் உட்கார வைத்தாள்.

தொடைக்கு மேலே, லாரியில் சரக்குக் கட்டுகிற பெல்ட் வேண்டும் என்றான்.

நியாயம்தான். உணர்ச்சியில்லாத கால், அலைக்கு அலை வழுக்கிக்கொண்டு போகும். பெல்ட்டைக் குறுக்கே இழுத்து, நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் விட்டுவிடுகிற மாதிரி சுருக்குப் போட்டாள்.

அவன் அதை அவிழ்த்தான்.

"இது சரிப்படாது. நாற்காலில ஓட்டை போட்டு, போல்ட் வச்சு முறுக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான்.

கயாக் கவிழ்ந்தால், போல்ட் போட்ட பெல்ட்டைத் தண்ணீருக்குள் யாராலும் கழற்ற முடியாது. இருபது வருஷம் சங்கு குளித்தவனுக்கு அது தெரியாமலா இருக்கும்.

கால் போன அன்றைக்கும் தெரியாமல் செய்யவில்லை. வள்ளத்துக் கம்ப்ரசர் குழாயில் அனுப்புகிற காற்றில் ஆழத்துக்குப் போனவன் நின்று நின்றுதான் மேலே வரவேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்று குமிழாகி ஆளை முடக்கிவிடும். கலங்கல் தண்ணீரில் ஒரு சங்கு கைக்கு அகப்பட்டது. தடவிப் பார்த்தான். வலம்புரி என்று விரல் சொன்னது. திரேஸ்புரம் கரையில் அவன் விரலுக்கு அப்படியொரு பேர். வெளிச்சத்தில் பார்த்துவிடும் ஆசையில் ஒரே ஏற்றமாக ஏறி வந்துவிட்டான்.

எல்லாச் சங்கையும் போல அதுவும் இடம்புரி.

வள்ளத்தில் தூக்கிப் போட்டபோதே கால் இரண்டும் செத்திருந்தன.

ஸ்பேனர் அவள் கையில் இருந்தது.

அழலாம். அழுதால் ஸ்பேனரைப் பிடுங்கி அவனே முறுக்கிக்கொள்வான். தெருவைக் கூட்டலாம். நாளைக்கு அவள் இல்லாத நேரம் பார்த்து வேறு ஆளை வைத்து முடித்துவிடுவான். கயாக்கை உடைத்துப் போட்டால் மறுபடி சுவர். அந்த முதுகை இன்னொரு பத்து மாதம் பார்க்க அவளால் ஆகாது.

போல்ட்டைப் போட்டாள். முறுக்கினாள். கை வலிக்கும்வரை முறுக்கினாள்.

"போதும்" என்றான்.

வீட்டுக்குள் போனாள். மிச்சமிருந்த இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மணலில் கவிழ்த்து, காலில் வாளை வைத்தாள்.

"அது யாருக்கு?"

அவள் அறுத்தாள். நாலு காலும் விழுந்தன. அவனுக்கு முன்னால் இருந்த இடத்தில் நாற்காலியை வைத்து, கயிறு போட்டு இறுக்கினாள். திருப்புளியை அடுப்பில் காய்ச்சி எடுத்துவந்து நாற்காலியின் பின்பக்க ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டாள். பிளாஸ்டிக் கருகி நாறியது.

அந்தத் தெருவில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. அவளுக்கு நீச்சலும் தெரியாது. கல்யாணமான புதிதில் அவன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். நீ குடிக்கிற குடியில் கடல் வற்றிவிடும் என்று கேலி பண்ணிக் கரையேற்றிவிட்டான்.

"ஏட்டி, ரெண்டு பேரு ஏறினா தாங்காது. முங்கிரும்."

"முங்கட்டும்."

கயாக்கில் ஏறி, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பெல்ட்டைத் தன் தொடைக்கு மேலே குறுக்கே போட்டு, இன்னொரு போல்ட்டை ஓட்டையில் செருகினாள். ஸ்பேனரைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள்.

"எனக்குக் கை எட்டல. நீங்களே முறுக்கிருங்க."

அவன் வாங்கவில்லை.

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

"சிந்தாத்திரை."

பத்து மாதத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் திரும்பவில்லை. திரும்பினால் இறங்கிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

அலை ஒன்று வந்து கயாக்கின் மூக்கை நனைத்துவிட்டுப் போனது. இன்னொன்று வந்தது.

கையிலிருந்து ஸ்பேனர் போனது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே என்றுகூட வாய் வரவில்லை.

பின்னால், இறுகிக் கிடந்த போல்ட் கிறீச்சிட்டுத் திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு சுற்று. நின்றது. வெகுநேரம் கழித்து இன்னொரு சுற்று.

தொடையில் கை வைத்துப் பார்த்தாள்.

அவளுடைய பெல்ட் தொளதொளவென்று அப்படியே கிடந்தது.