ஹோம் பிளேட்டில் புழுதி

புழுதி அடங்கவில்லை. அதற்குள் மைதானமே "அவுட்! அவுட்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டது.

திண்டுக்கல் அணிப் பெண் ஹோம் பிளேட்டில் சறுக்கி வந்து விழுந்து கிடந்தாள். அவளைத் தொட்டுவிட்ட வேகத்தில் மேலேயே கவிழ்ந்து கிடந்தாள் ஹோம் பிளேட்டைக் காக்கும் புதுக்கோட்டையின் கேட்சர் பிரகதீஸ்வரி.

அவுட் என்றால் பேஸ்பால் கோப்பை புதுக்கோட்டைக்கு. இல்லையென்றால் இவளது ஓட்டம் சேர்ந்து ஆட்டம் சமன். அடுத்து மட்டையோடு நிற்பவள் காலையிலிருந்து பந்தைப் பிளந்துகொண்டிருப்பவள்.

அம்பயர் பெரியகருப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். கண் நிறைய மண்.

புதுக்கோட்டையின் கோச் சூசைராஜ் பக்கத்துக் கோட்டோரம் நின்றிருந்தார்.

ஒரு காலத்தில் அவரும் கேட்சர்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு அணிகள். அந்த அணியின் வழக்கமான கேட்சருக்கு விரல் ஒடிந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். விரல் கூடியதும் பஸ் ஏற்றிவிடுவார்கள். இந்தக் கோச் வேலையும் தற்காலிகம். கோப்பை வந்தால் நிரந்தரம் என்று சங்கச் செயலாளர் காலையில்தான் காதில் போட்டிருந்தார்.

நடந்ததைச் சரியாகப் பார்த்தது சூசைராஜ் ஒருவர்தான்.

பந்து பிரகதீஸ்வரியின் வலது கையில் இருந்தது. தொட்டது இடது கை கிளவுஸ். வெறும் கிளவுஸ்.

பந்து இருக்கிற கையால் தொட்டால்தான் அவுட்.

"சூசை, எனக்கு ஒண்ணும் தெரியலய்யா" என்றார் பெரியகருப்பன். "நீ பார்த்ததைச் சொல்லு. அவுட்டா?"

திண்டுக்கல் கோச்சும் தலையாட்டினார். "சூசை சார் சொன்னாச் சரிங்க."

அந்த நம்பிக்கைதான் சுருக்கென்று குத்தியது.

பிரகதீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். முகக்கவசத்துக்குள் என்ன ஓடுகிறதென்று தெரியவில்லை. அவள் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

அவள் கிளவுஸில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அவுட்டுதான்" என்றார் சூசைராஜ். தன் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

பெரியகருப்பனின் கை தலைக்கு மேல் உயர்ந்தது. கூட்டம் வெடித்தது.

முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள் பிரகதீஸ்வரி. பல்லெல்லாம் மண். முகமெல்லாம் சிரிப்பு.

"சார்! கிளவுஸ்ல இருந்தா இடிக்கிறப்ப பந்து தெறிச்சிரும், வலது கையில பத்திரமா புடிச்சுக்கிட்டு வெறும் கிளவுஸால தொடுன்னு சொல்லிக் குடுத்தீங்கள்ல... அப்படியேதான் சார் தொட்டேன்! சரியா இருந்துச்சா சார்?"

அதைக் கேட்டதும், தலைக்கு மேலே போயிருந்த பெரியகருப்பனின் கை மெதுவாக இறங்க ஆரம்பித்தது.