குண்டன் கிளம்பிவிட்டான்

குண்டன் நகர்ந்தான்.

ரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பை மறுபடி பார்த்தாள். ஆவடிக் கல்யாண மண்டபத்தின் மேல் நேற்று முழுக்க அசையாமல் ஒட்டிக்கிடந்த சிவப்புப் புள்ளி, இப்போது வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது.

குண்டன் என்பது ஓர் அண்டா. வெள்ளானூரில் அவள் அம்மா தெரசா நடத்தும் வாடகைப் பாத்திரக் கடையிலேயே பெரியது. ஒரு கல்யாணத்துப் பிரியாணி மொத்தமும் அதில் அடங்கிவிடும்.

வெளியே போகும் பாத்திரங்கள் தொலையாமலிருக்க, ஒவ்வொன்றின் காதிலும் ரியா ஒரு சின்னக் கருவியை மாட்டியிருந்தாள். அதற்கு சிம் கார்டு கிடையாது, செல்போன் கோபுரமும் வேண்டாம். ஒரு பொட்டு பேட்டரியில் மாதக்கணக்காக உயிரோடு கிடந்து, இருக்கும் இடத்தையும், சாய்ந்தால் அதையும் மட்டும் அவ்வப்போது சொல்லும். வீட்டு மொட்டைமாடியில் அவள் நட்ட ஆன்டெனாவுக்கு அது பல மைல் தள்ளியிருந்தும் கேட்கும். அண்டாவுக்கெல்லாம் எதற்கடி கம்மல் என்று தெரசா கேலி செய்திருந்தாள்.

முந்தின நாள் மழையில் கரண்ட் போனது, பின்னாலேயே போனும் போனது. பெனிட்டோவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பெனிட்டோ ரியாவின் அண்ணன். தொழிற்சாலையில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என்று சொல்லி, அந்த மண்டபத்துக்குப் பின்தெருவில், பள்ளத்தில், கீழ்வீட்டில் குடியிருந்தான். மனைவி ரேவதி நிறைமாதம். தெரசா விடியவிடிய ஜெபமாலை உருட்டினாள். ரியா வேறு வழி தெரியாமல், இன்வெர்ட்டரில் மிச்சமிருந்த உயிரில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்திய கத்தலில் தெரசா மாடி அறைக்கு ஓடிவந்தாள். அண்டாவை வெள்ளம் அடித்துப் போகிறது என்று தலையில் கைவைத்தாள்.

இல்லவே இல்லை என்றாள் ரியா. அந்தத் தெருவில் தண்ணீர் கிழக்கே ஓடும். புள்ளி மேற்கே போகிறது. யாரோ தள்ளுகிறார்கள்.

அப்படியானால் திருடன்தான் என்று முடிவுகட்டி, அவன் ஏழு தலைமுறையையும் தெரசா தாராளமாகத் திட்டினாள்.

புள்ளி பின்தெருவுக்குள் திரும்பியது. திட்டு பாதியில் நின்றது.

ஒரு வீட்டு வாசலில் புள்ளி நின்றுவிட்டது. பெனிட்டோ வீடாக இருக்கலாம், பக்கத்து வீடாகவும் இருக்கலாம். அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ரியாவுக்கு, ஊரே ஊமையாகிக் கிடக்கும்போது தன் தம்மாத்தூண்டு கருவி மட்டும் பேசுகிறதே என்று ஒரு பக்கம் ஆட்டம் போடத் தோன்றியது. இன்னொரு பக்கம் அழுகை வந்தது.

புள்ளி மறுபடி கிளம்பியது. வந்ததைவிட மெதுவாக.

பாரம் ஏறியிருக்கிறது என்றாள் ரியா. தெரசா அவள் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. அப்புறம் இருவரும் பந்தயம் பார்ப்பவர்களைப் போல ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பித்தார்கள். சுரங்கப்பாதைப் பக்கம் போகாதே என்று ரியா திரையை அதட்டினாள். புள்ளி அதன் வாயில் கொஞ்சம் தயங்கி, நல்ல பிள்ளையாக வேறு வழியில் திரும்பியது. மேட்டுத் தெரு ஏறியது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

ரியா எழுந்து கைதட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது.

புள்ளிக்குக் கீழே எழுத்து மாறியிருந்தது. ‘கவிழ்ந்தது.’

அண்டா சாய்ந்தால் தெரியட்டும் என்று அவளே எழுதிவைத்த சொல்தான். அம்மா கண்ணில் படாதபடி அவள் திரையைத் திருப்பப் போனாள். அதற்குள் தெரசா எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ஓவென்று அழுதபடியே சிரித்தாள்.

“அவன்தாண்டி. நம்ம ஊட்டுப் புள்ளய தவிர வேற எவன் இந்த மழைல காலி அண்டாவக் கவுத்து வெப்பான்?”

பாத்திரக்கடைப் பழக்கம் அது. காலியான அண்டாவை வாய் திறந்து விட்டுவைத்தால் மழைத்தண்ணீர் நிற்கும், நாய் வாய் வைக்கும். அம்மாவிடம் குட்டு வாங்கியே அதைக் கற்றவன் பெனிட்டோ. உள்ளே உட்கார்ந்து வந்த ரேவதி பத்திரமாக இறங்கிவிட்டாள், அதனால்தான் அண்டா காலி. ரியா அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு அங்கேயே பெயர்கூடப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில், குண்டன் மறுபடி நிமிர்ந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தார்கள்.

புள்ளி மேட்டுத் தெருவிலிருந்து இறங்கியது. இனி எதற்கு என்று ரியாவுக்குப் புரியவில்லை. பின்தெருவுக்குள் நுழைந்தது. முதலில் நின்ற இடத்தில் நிற்காமல், அதைக் கடந்து, தெருக்கோடி வீட்டு வாசலில் போய் நின்றது.

தெரசா திரையிலிருந்து முகத்தை எடுத்து ஜன்னலைப் பார்த்தாள். அவர்கள் தெருவின் கோடியிலும் ஏரித்தண்ணீர் புகுந்திருந்தது. அங்கே மொட்டைமாடிகளில் ஜனங்கள் நின்று துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த ஜன்னல் காலையிலிருந்து திறந்தே இருந்தது.

தெரசா கீழே இறங்கிப்போய்க் கிடங்கின் பூட்டைத் திறந்தாள். சிமெண்ட் தரையில் பித்தளை உரசும் சத்தம் கேட்டு ரியா ஓடினாள். குண்டனுக்கு அடுத்த பெரிய அண்டா பாதி வாசலுக்கு வந்திருந்தது.

“இன்னா பாத்துகினு கீற? அந்தப் பக்கம் புடி.”

ரியா பிடித்தாள்.