அரைக்கதை டீச்சர்

"எந்தக் கதையையும் முடிக்கிறதே இல்லையாம். பாதியில விட்டுடுறாங்களாம். இதுக்கு ஒரு டீச்சரா?"

உக்குவளைப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சிலர் கல்விக் கந்தோருக்கே வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

கல்வி அதிகாரி ஸக்கரியாவுக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். மீனாம்பிகை டீச்சரைத் தூரத்துக் கலேவெலப் பக்கம் தூக்கியடிப்பது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைந்தார். அது தொண்ணூறாம் ஆண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளைகள்.

கரும்பலகை நிறைய ஒரு கதை. கடைசி வரியில், மழை இரவில் முதலாளி கடையைப் பூட்டாமல் வீட்டுக்குப் போகிறார். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் பூட்டல்ல?" என்று கேட்டார் டீச்சர்.

"மறந்துட்டாரு!"

"எந்த வரி அப்படிச் சொல்லுது?"

எல்லாக் கண்களும் பலகைக்குத் திரும்பின. பீபி என்ற சிறுமி எழுந்தாள்.

"மறக்கல்ல டீச்சர். லாம்புத் திரியைக் குறைச்சு வச்சிட்டுப் போனாருன்னு இருக்கு. மறந்தவரு அதைச் செய்வாரா? யாரோ வருவாங்கன்னுதான்."

"யாரு வருவா?"

"காலையில விரட்டினாரே, அந்தப் பிச்சைக்காரரு! விரட்டினதுலேருந்து முதலாளிக்குச் சோறே இறங்கல்லன்னும் இருக்கே!"

ஸக்கரியா உட்காரவே மறந்துபோனார். பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ வாசிப்பு முறைகளைப் படித்தவர் அவர். எழுதாததையும் வாசிக்கிற பிள்ளைகளை இன்றுதான் பார்க்கிறார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கதையைப் பற்றிச் சண்டை போட்டபடியே வெளியே ஓடினார்கள்.

"அற்புதம் டீச்சர்! முடிவைச் சொல்லாம யோசிக்க வைக்கிறீங்க. உங்களுக்கு இடமாற்றமெல்லாம் கிடையாது. எனக்காவது சொல்லுங்க, கடைசியில யாரு வந்தது?"

"எனக்கும் தெரியாது சேர்."

கலண்டர் தாளில் உறை போட்ட புத்தகத்தை டீச்சர் நீட்டினார். ஸக்கரியா திறந்தார். பாதிக்குப் பிறகு பக்கமே இல்லை, கருகிய ஓரம்தான்.

"எண்பத்திமூணு இனக்கலவரத்துல பள்ளிக்கூடத்துப் புத்தக அலுமாரிக்கு நெருப்பு வச்சிட்டாங்க. மிஞ்சின புத்தகமெல்லாம் இப்படித்தான். புதுசு இன்னும் வரல்ல."

"அடடா! இதைப் பிள்ளைகள்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"எரிஞ்சு போச்சுன்னு சொன்னா, யாரு எரிச்சதுன்னுதான் சேர் கேப்பாங்க. அதான், மிச்சக் கதை உங்க கையிலன்னு சொல்லிட்டேன். இதுவரைக்கும் ஒரு பிள்ளையும் கெட்ட முடிவு சொன்னதில்ல."