ஐந்தாவது வரி

பூட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பூட்டுக்காரருக்குப் புரியவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினார். பூட்டின் நாக்கு 'டக்'கென்று உள்ளே போனது. விட்டதும் வெளியே வந்தது. நாக்கு உள்ளே போனால் கதவு திறக்க வேண்டும், எந்தப் பூட்டுக்கும் அவ்வளவுதான் கணக்கு. ஆனால் குளியலறைக் கதவு திறக்கவில்லை.

கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டுகிற அறை அது. ஜன்னல் என்ற பெயரில் உச்சியில் ஒரு கையகல ஓட்டை. வெந்நீர் ஆவி போக வழியில்லாமல் அவரோடு சேர்ந்து நின்றது. கருவிப் பை வெளியே, கைபேசி வெளியே, மனைவி மருத்துவமனை டியூட்டியில்.

வீட்டில் இருந்தது ஐந்தாவது படிக்கும் மகள் மட்டும்.

"சிட்டு! கதவு மாட்டிக்கிச்சும்மா. வெளிப்பக்கம் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

"மூடியிருக்குப்பா."

பூட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இவள் கட்டுரைக்கும் இதே நோய்தான். எந்தத் தலைப்பானாலும் நாலு வரி. ஐந்தாவது வரி வராது. போன முறை அந்த நாலு வரியை வகுப்பின் முன் வாசித்து முடித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாளை மறுபடி வாசிக்க வேண்டும், தலைப்பு 'எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்'. நேற்று மாலை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்டியும் ஒரு வரிகூட ஏறவில்லை. "நம்ம வீட்லதான் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதேப்பா" என்று அழுதுவிட்டுத் தூங்கப் போனாள்.

வெளியே கைபேசி அடித்தது. மகள் பேசிவிட்டுக் கதவருகே வந்தாள்.

"பல் டாக்டர்ப்பா. க்ளினிக் பூட்டுக்குள்ள சாவி உடைஞ்சுடுச்சாம். எல்லாரும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறாங்களாம். நீங்க சீக்கிரம் வரலைன்னா கடப்பாரையால உடைச்சுடுவாராம்."

"கடப்பாரையா! ஐயோ, அது நான் போட்ட பூட்டு. நான் எங்க இருக்கேன்னு சொன்னே?"

"குளிக்கறார்னு சொன்னேன். பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடட்டுமா?"

"மூச்சு விடாதே! பூட்டுக்காரனே பூட்டிக்கிட்டான்னு தெரு முழுக்கத் தமுக்கு அடிச்சுடுவார். மானம் கப்பலேறிடும்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எதையும் பிரித்துப் பிரித்துச் சொன்னால் யாருக்கும் புரியும் என்பது அவர் நம்பிக்கை.

"இங்க பாரு சிட்டு. இப்போ என் கண்ணு நீதான். 'மூடியிருக்கு'ன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. என்ன நிறம், எங்க இடுக்கு, தொட்டா எப்படி இருக்கு, தட்டினா என்ன சத்தம் வருது, ஒவ்வொண்ணாச் சொல்லு. கேட்டதும் கதவு எனக்கு முன்னாடி வந்து நிக்கணும்."

"மேலேருந்து ஆரம்பிக்கட்டுமா, பூட்டுலேருந்தா?"

"பூட்டுலேருந்து கீழே வா. கோளாறு எப்பவும் பூட்டுலதான்."

அவர் எழுந்து, இருந்த இரண்டடிக்குள் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு மெல்லிய குரல் வந்தது.

"கைப்பிடி கறுத்துப் போயிருக்குப்பா. கட்டைவிரல் படற இடம் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கு."

"சபாஷ்! இதுதான் பார்க்கறது. அப்புறம்?"

"இடுக்குல கோடு மாதிரி வெளிச்சம். அதுல உங்க நிழல் போகுது, வருது. கூண்டுப் புலி மாதிரி."

"புலியை விடுடி. அடியில கதவோட மரம் எப்படி இருக்கு?"

"தண்ணி குடிச்சு ரொட்டி மாதிரி உப்பியிருக்கு."

அவருக்கு உயிர் வந்தது. "அதேதான்! மரம் ஈரத்துல நீளமாகாது, அகலமாகும். அகலமானா நிலைச்சட்டத்துல இறுக்கிக்கும்!" காலால் அடிப்பக்கத்தை உந்தினார். அது தாராளமாக ஆடியது. அடியில் இறுக்கமே இல்லை. கதவு மட்டும் திறக்கவில்லை.

மறுபடி வாளியில் உட்கார்ந்தார். வெளியே ஏதோ சரசரத்தது.

"என்னம்மா பண்றே?"

"யோசிக்கறேன்பா. உள்ளே உங்களுக்கு எப்படி இருக்கு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மை வாயில் வந்துவிட்டது. "சுவர் பக்கத்துல பக்கத்துல வர்ற மாதிரி இருக்கும்மா. மூச்சு முட்டுது. அடுத்தவங்க கதவை எத்தனையோ திறந்திருக்கேன். உள்ளே இருக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கப்பா."

மெதுவாகவே இன்னொரு முறை சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கைபேசி மறுபடி அடித்தது.

"டாக்டர் கடப்பாரை வாங்க ஆள் அனுப்பிட்டாராம்ப்பா."

பூட்டுக்காரர் எழுந்து கதவில் நெற்றியைச் சாய்த்தார். தொழில் தோற்றுவிட்டது, இனி கௌரவம் பார்த்துப் பயனில்லை.

"சரிம்மா. மானம் போனாப் போகட்டும். ஓடிப்போய் அந்த மாமாவையே கூட்டிட்டு வா."

"வேண்டாம்ப்பா. கட்டுரை முடிஞ்சிடுச்சு, நான் போட்ட மேல் தாழ்ப்பாளை நானே எடுத்துடறேன்."